சின்ன பேட்டரி

திண்டுக்கல்லிலிருந்து அக்கா போன் செய்தால் நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்தான். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்துவிடுவாள். 2024 ஜூனில் ஒரு சனிக்கிழமை காலை, நான் பேப்பரைக்கூடப் பிரிக்கவில்லை.

"ஏன்டா, அறுபதாயிரத்துக்குக் கேக்குறாங்க. குடுத்துரவா?"

"எதைக்கா?"

"மாமா காரைத்தான். வேற என்ன இருக்கு இங்க விக்கிறதுக்கு?"

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருஷம் எலெக்ட்ரிகல் இன்ஜினீயராக இருந்து ரிட்டையர் ஆனவர். அந்த வருஷம் பொங்கல் கழிந்த நாலாம் நாள், காபியைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். டம்ளரை எடுக்க வந்த அக்காதான் முதலில் பார்த்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

மாமாவுக்கு இரண்டு ஆசைகள். எந்த மெஷினையும் கழற்றிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்க்கில் காசு கொடுக்கக் கூடாது. இரண்டும் சேரும் இடமாகப் பார்த்து ஒரு ஹைபிரிட் கார் வாங்கினார். 2010 மாடல், ஜப்பான் சரக்கு. புதிதாக வந்தபோது அந்த விலைக்கு மாமா எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஏழு வருஷம் கழித்து 2017-ல் கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர், 'பேட்டரி போனால் லட்சக்கணக்கில் செலவாகுமாமே' என்று பயந்துபோய் விற்றதை, பாதிக்கும் பாதி விலையில் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அடுத்தவன் பயம்தான்டா நமக்கு டிஸ்கவுன்ட்" என்றார் என்னிடம்.

அந்தப் பயம் இப்போது அக்காவிடம் வந்து நின்றது. வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றிலிருந்து ஒரு பையன் வந்து பார்த்திருக்கிறான். பட்டனை அமுக்கினானாம். ஒன்றும் எரியவில்லை. யாருக்கோ போன் பேசிவிட்டு, "ஹைபிரிட் பேட்டரி போயிருச்சும்மா. மூணரை லட்சம் ஆகும். வண்டிய லாரில ஏத்தித்தான் கொண்டு போகணும், அது தனி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மூன்றாம் நாள் பழைய கார் வாங்கும் புரோக்கர் ஒருத்தர், எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, வாசலில் வந்து நின்று அறுபதாயிரம் என்றார். அதுவும் மனசு கேட்காமல் தருகிறாராம்.

"நான் வர்ற வரைக்கும் கையெழுத்துப் போட்டுராத" என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரி எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். மூத்தவள் 'குடுத்துரவா' என்று கேட்டால், அதற்கு 'வந்துட்டுப் போயேன்டா' என்று அர்த்தம். அது மட்டும் தெரியும்.

ஹைபிரிட் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஒரே வண்டியில் பெட்ரோல் இன்ஜினும் இருக்கும், மின்மோட்டாரும் இருக்கும். பிரேக் போடும்போது சாதாரணக் கார் தன் வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும். இது அந்த வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் போட்டு வைத்துக்கொண்டு, அடுத்த சிக்னலில் கிளம்பும்போது செலவழிக்கும். நம் பாட்டிமார் தாளித்து மிஞ்சிய எண்ணெயை எடுத்து வைத்து மறுநாள் புழங்குவார்களே, அந்த மாதிரி. ஐடியா ஒன்றும் புதிதில்லை. 1900-லேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர் வியன்னாவில் இரண்டையும் ஒரே வண்டியில் சேர்த்து ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனால் ஆயிரக்கணக்கில் செய்து விற்க 1997 டிசம்பர் வரைக்கும், ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வரும்வரை, உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் ஊருக்கு 2008-ல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட், 2010-ல் பிரியஸ் என்று வந்து, வாங்க ஆளில்லாமல் நின்றன.

இந்த ஜாதிக் கார்களில் இரண்டு பேட்டரி. இதுதான் கதைக்கு முக்கியம். பெரியது, பின் சீட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்கும். மாமா காரில் அது நிக்கல் வகை, சுமார் 200 வோல்ட். காரை நகர்த்துவதும் இன்ஜினைச் சுற்றிவிடுவதும் அதுதான். சின்னது, எல்லாக் கார்களிலும் இருக்கும் சாதாரண 12 வோல்ட். அதன் வேலையை அப்புறம் சொல்கிறேன். ஒர்க்‌ஷாப் பையனுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்.

விடிவதற்கு முன் இறங்கி, ஆர்.எம். காலனிக்கு ஆட்டோ பிடித்துப் போனால், கார் ஷெட்டில் தூசி போர்த்துக்கொண்டு நின்றது. கண்ணாடியில் யாரோ ஒரு வாண்டு விரலால் 'வாஷ் மீ' என்று எழுதியிருந்தது. அக்கா சாவி கொடுத்தாள். சாவி என்று பழக்கத்தில் சொல்கிறோம், அது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வில்லை. அமுக்கினேன். அசையவில்லை. கதவு திறந்தால்தானே உள்ளே போக? பேட்டரி இருந்தால்தானே கதவு திறக்கும்?

பூட்டுக்குப் பேர்போன ஊரில் நின்றுகொண்டு பூட்டைத் திறக்கத் தெரியாமல் முழித்தேன். திண்டுக்கல் பூட்டைப் பார்த்திருப்பீர்கள். மாங்காய்ப் பூட்டு, ஒரு குழந்தை கனம் கனக்கும். கையாலேயே செய்வது, ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பார்கள். 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்து கௌரவித்தார்கள். ஆனால் அதற்குள் அலிகார் மெஷின் பூட்டுகள் வந்து ஊரில் பாதிப் பட்டறைகளை மூடியாகிவிட்டது. எந்தத் திண்டுக்கல் பூட்டும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லி யாரையும் வாசலில் நிறுத்தியதில்லை.

அக்காதான் வழி சொன்னாள். "அந்த வில்லைக்குள்ள ஒரு குட்டிச் சாவி இருக்குன்னு மாமா சொல்லுவாரு." பக்கவாட்டில் ஒரு சின்ன தாழைத் தள்ளினால், வாளை உருவுகிற மாதிரி நிஜமான உலோகச் சாவி வந்தது. டிரைவர் கதவு திறந்தது. மற்றதெல்லாம், டிக்கி உள்பட, கரன்ட்டு இருந்தால்தான்.

எட்டு மணிக்குள் தெரு கூடிவிட்டது. கார் நின்றால் தள்ளுவது என்பது நம் ரத்தத்தில் ஊறியது. அம்பாசடர் காலத்தில் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுவோம், அல்லது தள்ளுவோம். பனியனோடு வந்த மூன்று பேர், "செகண்ட் கியர்ல போடுங்க சார், தள்ளிருவோம்" என்றார்கள். செகண்ட் கியர் எங்கே இருக்கிறது? நியூட்ரலுக்குக்கூட வரவில்லை. அதற்கும் கரன்ட்டு வேண்டும். சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி கம்ப்யூட்டர் சொன்னால்தான் விடும். கூட்டத்துக்கு ஏமாற்றம். "என்ன சார் காரு இது, தள்ளக்கூட முடியல" என்று சொல்லிக் கலைந்தார்கள்.

அப்போதுதான் அக்கா, "நம்ம பாய கூப்புட்டுப் பாக்கலாமா? இன்வெர்ட்டருக்கு வருவாரே" என்றாள்.

பேகம்பூரில் சின்னதாக ஒரு பேட்டரிக் கடை. அறுபத்தைந்து வயசு இருக்கும். டி.வி.எஸ் எக்ஸ்.எல்லில் வந்து இறங்கியவர் முதலில் காரைப் பார்க்கவில்லை. ஷெட் சுவரில் மாட்டியிருந்த மாமா போட்டோவைப் பார்த்தார். "சார் இருந்த வரைக்கும் இந்த வண்டிய யாரையும் தொட விட்டதில்ல தங்கச்சி. கேட்டா, 'பாய், நீங்க இன்வெர்ட்டரோட நிறுத்திக்குங்க'ம்பாரு" என்றார். எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. ஹைபிரிட்டையே தொட்டதில்லை என்கிறாரே.

பாய் உள்ளே உட்கார்ந்து பட்டனை அமுக்கினார். கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார். ஹார்னை அமுக்கினார். இறங்கி வந்து கேட்டார்.

"பெரிய பேட்டரி போயிருச்சுன்னு யாரு சொன்னது?"

"ஒர்க்‌ஷாப்ல."

"கதவைத் தொறந்தா லைட்டு எரியல. ஹாரன் இல்ல. மீட்டர்ல ஒரு புள்ளிகூட இல்ல. பெரிய பேட்டரி போயிருந்தா இதெல்லாம் எரியணுமே சார்? எரிஞ்சுக்கிட்டு, 'எனக்கு உடம்பு சரியில்ல'ன்னு செவப்பு லைட்டு போட்டு அதுவே சொல்லும். இது பேச்சு மூச்சே இல்லாமக் கெடக்கு. பேசுறதுக்குக் கரன்ட்டு குடுக்குறவன் வேற. லைட்டு, ஹாரன், கம்ப்யூட்டர் எல்லாம் 12 வோல்ட்டு."

இவ்வளவுதான் விஷயம். மூன்றரை லட்ச ரூபாய்க் கணக்கை ஒரு கதவு விளக்கை வைத்து அவர் சந்தேகப்பட்டுவிட்டார். நான் மூன்று டிகிரி வாங்கியவன். எனக்குத் தோன்றவில்லை.

சின்ன பேட்டரியின் வேலையைச் சொல்கிறேன் என்றேனே. சாதாரணக் காரில் அது முரட்டு வேலைக்காரன். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கக்க வேண்டும். 1912-ல் சார்லஸ் கெட்டரிங் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டரைப் பொருத்தியதிலிருந்து அதற்கு அந்தத் தலையெழுத்து. ஆனால் மாமாவுடையது மாதிரிக் காரில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. டைனமோவும் கிடையாது. சின்ன பேட்டரி செய்வதெல்லாம், கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டு, பெரிய பேட்டரிக்கு நடுவில் இருக்கும் ரிலே கதவை மூடிச் சுற்றை இணைப்பதுதான். வாட்ச்மேன் வேலை. அப்புறம் பெரிய பேட்டரியே மின்சாரத்தை 14 வோல்ட் அளவுக்கு இறக்கி வாட்ச்மேனுக்குச் சம்பளம் போடும். ஆனால் வாட்ச்மேன் தூங்கிவிட்டால் முதலாளி 200 வோல்ட் வைத்திருந்தும் வெளியே வர முடியாது.

"சரி பாய், அந்தச் சின்ன பேட்டரி எங்க?"

முன்பக்க பானெட்டில் இல்லை. கிளவ் பாக்ஸிலிருந்து புத்தகத்தை எடுத்து நான் இங்கிலீஷில் படிக்க, பாய் தமிழில் புரிந்துகொண்டார். பேட்டரி டிக்கிக்குள், வலது ஓரத்தில். டிக்கியைத் திறக்கக் கரன்ட்டு வேண்டும். கரன்ட்டு டிக்கிக்குள் இருக்கிறது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க, வாளியோடு சேர்த்துக் கயிறும் கிணற்றுக்குள் கிடக்கிற கதை. பின் சீட்டை மடக்கித் தவழ்ந்துபோய் உள்ளிருந்து கையால் திறக்கவும் வழி இருக்கிறது என்று புத்தகம் சொன்னது. பாயின் வயசும் என் தொப்பையும் இடம் கொடுக்காது. அடுத்த பக்கத்தில் இன்னொரு வழி: பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை. வெளியிலிருந்து பிளஸ் கொடுப்பதற்காகவே வைத்தது. பானெட் மட்டும், புண்ணியவான்கள், கம்பி இழுத்தால் திறக்கும்படி விட்டிருந்தார்கள்.

மூடியைத் திறந்து மீட்டரை வைத்தார் பாய். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இது 2.8.

"சும்மா கெடந்து செத்திருக்கு" என்றார். ஒரு தட்டு பேட்டரியை முழுக்க இறங்கவிட்டு மாசக்கணக்கில் விட்டால், தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகிவிடும். அப்புறம் எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. திண்டுக்கல் வெயில் அதற்கு இன்னும் உதவி செய்யும். பேட்டரிக்கு நம்மை மாதிரியே குளிர் பிடிக்காது, ஆனால் ஆயுளைக் குறைப்பது வெயில்தான்.

இனிமேல் லாரி பேட்டரி ஒன்றைத் தூக்கி வருவார், தடித்தடியாய் ஒயர் போடுவார் என்று நினைத்தேன். பாய் எக்ஸ்.எல் சைடு பையிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸுக்குள் இருக்குமே, அந்த 7 ஆம்பியர் பேட்டரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுல காரு ஸ்டார்ட் ஆவுமா பாய்?"

"இது ஸ்டார்ட் பண்ண வேணாம் சார். எழுப்பிவிட்டாப் போதும்."

சிவப்பு ஒயரை அந்த முனையில், கறுப்பு ஒயரைத் தள்ளி ஒரு வெற்று இரும்பு போல்ட்டில். மாற்றிக் கொடுத்தால் மொத்த எலெக்ட்ரானிக்ஸும் போய்விடும் என்று எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே, மூன்று தடவை பிளஸ், மைனஸ் சரிபார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். "ஆரஞ்சு கலர் ஒயர் எங்க தெரிஞ்சாலும் கையை வெக்காதீங்க. அது பெரியவரு வீடு. எனக்கும் அங்க வேலையில்ல."

டிக்கியில் 'டக்' என்று ஒரு சத்தம். அக்கா திரும்பிப் பார்த்தாள். ஐந்து மாசமாகப் பேசாத கார் பேசியது.

ஆனால் நிஜமான பரீட்சை இனிமேல்தான். நிக்கல் பேட்டரி சும்மா நின்றாலே தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஐந்து மாசத்தில் பெரிய பேட்டரியும் அடிமட்டத்துக்குப் போயிருந்தால், இன்ஜினைச் சுற்றிவிட வேறு ஆளில்லை. அப்போது ஒர்க்‌ஷாப் பையன் சொன்னதே தற்செயலாக உண்மையாகிவிடும். புரோக்கருக்கு அறுபதாயிரத்துக்குக் கையெழுத்து. பாய்க்கும் அது தெரியும். பிரேக்கை மிதித்துக்கொண்டு என்னைப் பட்டனை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். மீட்டரில் கிறிஸ்துமஸ் மாதிரி எல்லா விளக்கும் எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தது. பேட்டரிப் படத்தில் எட்டுக் கட்டத்தில் இரண்டு மட்டும் இருந்தது. அப்புறம் பச்சையாக 'ரெடி' என்று வந்தது. சத்தமில்லை. மூன்று, நாலு நொடி. திடீரென்று ஒரு உதறல், இன்ஜின் தானாக எழுந்து பெரிய பேட்டரிக்குச் சோறு போட ஆரம்பித்தது.

அக்கா உள்ளே போய்விட்டாள். காபி போட என்று நினைத்தேன். ரொம்ப நேரம் வரவில்லை.

பேட்டரியை மாற்றுவது அன்றைக்கு முடியவில்லை. பாய் கடையில் இருந்த எதையாவது வைத்துவிட்டுக் காசு வாங்கியிருக்கலாம்; அக்காவுக்கோ எனக்கோ தெரியவா போகிறது? "டிக்கிக்குள்ள, ஆளு உக்கார்ற எடத்தோட சேர்ந்து இருக்குற பேட்டரி தங்கச்சி. சாதா ஆசிட் பேட்டரி வெச்சா கேஸ் உள்ளேயே தங்கும். சீல் பண்ணது வேணும், கேஸை வெளிய விடுற டியூப் மாட்ற மாதிரி ஓட்டையும் வேணும். முனையும் மெலிசா இருக்கணும், பிளஸ் எந்தப் பக்கம்னு பாக்கணும்" என்று சொல்லி, கோயமுத்தூரில் தெரிந்த கடைக்குப் போன் போட்டு பார்சலில் வரவழைத்தார். ஒன்பதாயிரத்துச் சொச்சம். மூன்றரை லட்சம் எங்கே, இது எங்கே.

மறுநாள் மாற்றியதை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதல் வேலையாக, டிக்கிக் கதவு தானாக மூடிவிடாமல் அக்காவின் பழைய காட்டன் சேலைத் துண்டால் கட்டினார். பேட்டரியைக் கழற்றிய நேரத்தில் டிக்கி மூடிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து. பூட்டு ஊர்க்காரர் அல்லவா. பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனர். மைனஸை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஏனென்றால் பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால், மைனஸ் இருந்தால் தீப்பொறி; இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. பிடிக் கம்பியை எடுத்து, டியூபை உருவி, பழையதைத் தூக்கிப் புதியதை வைத்து, முனையில் லேசாக வாசலைன் தடவி… மொத்தம் இருபது நிமிஷம்.

பழையதை அக்கா, "காய்லான் கடைக்குப் போடலாமா பாய்?" என்றாள். பாய் கொடுக்கவில்லை. பேட்டரி விற்கிற கடை பழையதைத் திரும்ப வாங்கி முறையான இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது. 2022-ல் வந்த புதிய விதிகளும் தயாரிக்கிற கம்பெனியை அதற்குப் பொறுப்பாக்கின. பாய் விதியெல்லாம் பேசவில்லை. கொல்லையில் வைத்து ஈயம் உருக்குகிறவர்களைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறாராம். "அந்தப் புகைய அவன் புள்ளைங்களும்தான சார் குடிச்சுச்சு" என்றார். விலையில் எண்ணூறு ரூபாய் கழித்துக்கொண்டு பழையதை எக்ஸ்.எல்லில் கட்டினார்.

கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி பாக்கியிருந்தது. அக்கா எதிர்வீட்டுப் பையனிடம், பாலிடெக்னிக் மாணவன், ஞாயிறுதோறும் காரை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லியிருந்தாள். அவனும் ஏப்ரல் வரைக்கும் ஒரு ஞாயிறு தவறாமல் செய்திருக்கிறான். அப்படியும் எப்படிச் செத்தது?

"தம்பி, நீ எப்புடி ஸ்டார்ட் பண்ணுவ, காட்டு" என்றார் பாய்.

பையன் உட்கார்ந்தான். கால் இரண்டும் தரையில். கட்டை விரலால் பட்டனை அமுக்கினான். மீட்டர் லேசாக எரிந்தது, ரேடியோ பாடியது. "இப்புடியே அரை மணி நேரம் ஓட விடுவேண்ணே. சத்தமே வராது, சூப்பர் வண்டி" என்றான்.

பிரேக்கை மிதிக்காமல் அமுக்கினால் கார் ஸ்டார்ட் ஆகாது. ரேடியோவுக்கும் விளக்குக்கும் மட்டும் கரன்ட்டு போகும், அதுவும் சின்ன பேட்டரியிலிருந்து. பெரிய பேட்டரி எழுந்திருக்காததால் திரும்ப ஏற்ற ஆளில்லை. சாதாரணக் கார் என்றால் இன்ஜின் சத்தம் இல்லையே என்று சந்தேகம் வந்திருக்கும். ஹைபிரிட் சத்தமில்லாமல்தான் நிற்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறான். ஆக, சார்ஜ் ஏற்றுவதாக நினைத்து வாரா வாரம் பாட்டுப் போட்டு இறக்கியிருக்கிறான். பையன் முகம் சுண்டிவிட்டது. அக்கா அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீயாவது வந்து ஒக்காந்தியே" என்றாள். அது எந்த அர்த்தத்தில் என்று எனக்கு விளங்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் அவள் மகனைச் சொன்னாளா, என்னையா?

டிக்கியில் இன்னொன்றும் கிடைத்தது. டூல்ஸ் பைக்குள், பிளாஸ்டிக் உறை போட்ட 192 பக்க நோட்டு. 2017-லிருந்து போட்ட ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் தேதி, கிலோமீட்டரோடு மாமா கையெழுத்தில். ஓரத்தில் குறிப்புகள். 'சிறுமலை. ஏறும்போது 9, இறங்கும்போது பேட்டரி ஃபுல்!' பதினெட்டு கொண்டை ஊசி வளைவு இறங்கினால் பிரேக்கிலேயே பேட்டரி நிரம்பிவிடும். அதற்காகவே மாசம் ஒரு தடவை வாழைப்பழம் வாங்குகிற சாக்கில் அக்காவையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போவார். 2019 செப்டம்பர் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: 'சின்ன பேட்டரி மாற்றியாச்சு. அடுத்தது 2023 கடைசி / 2024.' பாய் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பாத்தீங்களா, சாரு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு. டிக்கிக்குள்ள வெச்சுட்டாரு" என்றார்.

ஒரே ஒரு நஷ்டம். மீட்டரில் 'ட்ரிப் பி' என்று ஒன்று உண்டு. மாமா வாங்கிய நாளிலிருந்து அதை அழிக்காமல் வைத்திருந்தார். மொத்த சராசரி மைலேஜ் அதில் தெரியும். வருகிறவர்களையெல்லாம் உட்கார வைத்துக் காட்டுவார். கரன்ட்டு போனதில் அது பூஜ்யமாகிவிட்டது. கடிகாரம் பன்னிரண்டு மணி என்றது. ரேடியோ ஸ்டேஷன்களும் போய்விட்டன. நான் அக்காவிடம் சொல்லாமல் மறைக்கப் பார்த்தேன். அவள் உட்கார்ந்தவுடன் முதலில் அதைத்தான் பார்த்தாள்.

"19.4 இருந்துச்சு" என்றாள்.

"நோட்டுல எல்லாம் இருக்குக்கா, கூட்டிப் பாத்தா வந்துரும்."

"வரும்."

அன்று சாயங்காலம் நத்தம் ரோடு வழியாகச் சிறுமலை ஏறி இறங்கினோம். நான் ஓட்டினேன், அக்கா பக்கத்தில். எதுவும் பேசவில்லை. இறக்கத்தில் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஏறி எட்டும் பச்சையாகிவிட்டன. பழம் வாங்க மறந்துவிட்டோம்.

அதே வருஷம் டிசம்பரில் காரை விற்றாள். எனக்கு முதலில் வருத்தம்தான். அவள் கணக்கு வேறு: 2025-ல் பதினைந்து வருஷம் முடிகிறது, ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க வேண்டும், அவளுக்கு ஸ்கூட்டி போதும், ஓடுகிற காராக இருக்கும்போதே போகட்டும். வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி. பெயர் மாற்றம் என்று அலைந்து முடித்து, பொள்ளாச்சிக் கல்லூரி வாத்தியார் ஒருவருக்கு இரண்டே கால் லட்சத்துக்குக் கொடுத்தாள். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேரமே பேசவில்லையாம். அது தனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அக்கா மெங்கில்ஸ் ரோடு வரை போய், 192 பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒரிஜினலை பீரோவில் வைத்துக்கொண்டாள்.

வண்டி போன அன்று ராத்திரி போன் செய்தாள். வழக்கம்போல நலம் விசாரிக்கவில்லை.

"பிரேக்கை மிதிச்சுட்டுத்தான் பட்டனை அமுக்கணும்னு ரெண்டு தடவ சொன்னேன்டா. ஜெராக்ஸ் மேலயும் எழுதிட்டேன். அந்தாளு வீட்ல சின்னப் பையன் இருக்கானாம், பாட்டுக் கேப்பான்ல?"